நல்ல டைட்டு, கெட்ட டைட்டு

திருவொற்றியூர் ஹைரோட்டிலிருந்து கடல் பக்கம் பிரிகிற ஒரு சந்தில், பாதி இறக்கிவிட்ட ஷட்டருக்குப் பின்னால் ஒரு புல்லட் இன்ஜினுக்கு மறுபிறவி நடந்துகொண்டிருக்கிறது. குனிந்து உள்ளே வாருங்கள். தலை பத்திரம், கை பத்திரம், மேஜைமேல் இருக்கிற எதையும் தொடாதீர்கள்! அதோ, பழைய வேட்டித் துண்டை விரித்து அதன்மேல் நட்ட நடுவில் வைத்திருக்கிறார்களே, அதுதான் இன்றைய நாயகன். லேத் பட்டறையில் உள்சுவரைச் சீவி, அதாவது போர் போட்டு முடித்து இப்போதுதான் வந்திறங்கிய வார்ப்பிரும்பு சிலிண்டர். வெளியே சாம்பல் நிறத்தில் கரடுமுரடாக இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால், அடடா! குழாய் விளக்கின் வெளிச்சம் அந்தச் சுவரில் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஷட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாடிக்கையாளர் வண்டியை விடுவார், போவார், சொன்ன தேதிக்கு வந்து எடுத்துப்போவார். நடுவில் நடப்பதைப் பார்க்க வேண்டுமென்று எனக்குப் பல வருட ஆசை. இன்று வண்டிக்கார இளைஞரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவருடைய அப்பா ஓட்டிய இரும்பு இன்ஜின் 350 அது. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கணக்குப் போட்டுப் பார்த்தால் 346 சிசி. இப்போது போர் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் பக்கத்திலேயே எண்ணெய்த் தாளில் சுற்றிக் கிடக்கிறது.

நாம் நிற்கும் வட்டாரத்தையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடுங்கள். இந்த வண்டி பிறந்த என்பீல்டு தொழிற்சாலை இதே திருவொற்றியூர்தான். சாணைக் கல்லும் உப்புத்தாளும் செய்கிற கார்போரண்டம் யுனிவர்சல், 1954இல் தொடங்கிய கம்பெனி, அதற்கும் திருவொற்றியூரில் ஆலை உண்டு. 1946இல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியவர்கள்தான் இன்றைய எம்ஆர்எஃப். வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். மேற்கே செம்பியத்தில் 1949இல் தொடங்கிய, பிஸ்டனும் ரிங்கும் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ். இரும்பு, ரப்பர், சாணைக்கல், பிஸ்டன் எல்லாம் கூப்பிடு தூரத்தில்! இப்படிப்பட்ட ஊரில் மெக்கானிக்குகளுக்குக் கை நேர்த்தி வராமல் வேறெங்கே வரும்?

முதல் ரகசியம் மேஜையில் இல்லை, பின்கட்டில் குழாயடியில் இருக்கிறது. போர் போட்டு, ஹோனிங் கல் விட்டு வந்த சிலிண்டரை நீங்களும் நானும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். இந்தக் கடை மேஸ்திரி கழுவச் சொல்வது சோப்புத் தூள் போட்ட வெந்நீரில்! பிரஷ் வைத்துப் பாத்திரம் விளக்குகிற மாதிரி உள்சுவரைத் தேய் தேயென்று தேய்க்கிறான் அவருடைய கையாள் பையன். ஹோனிங் கல் அந்தச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகளைப் போட்டு வைத்திருக்கிறது. எண்ணெய் தங்குவதற்கான வாய்க்கால்கள் அவை. கல்லின் பொடியும் அதே வாய்க்கால்களில்தான் போய் ஒளிந்துகொள்ளும். மண்ணெண்ணெய் அதை மேலோடு வழித்துவிட்டுப் போய்விடும், கோட்டுக்குள் இருப்பதை எடுக்காது. சோப்புத் தண்ணீர் தூக்கி வெளியே கொண்டுவரும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறார்கள். சாம்பல் கறை. மறுபடி சோப்பு. மறுபடி துணி. துணி வெள்ளையாகவே திரும்பி வருகிற வரைக்கும் விடவில்லை. அந்தப் பொடி உள்ளே தங்கிவிட்டால் புது ரிங்கையும் புதுச் சுவரையும் அதுவே அரைத்துத் தின்றுவிடும்.

துணி வெள்ளையாக வந்ததுதான் தாமதம், மேஸ்திரி ஒரே தாவலில் எண்ணெய்க் குவளையை எடுத்து உள்சுவர் முழுக்கப் பூசிவிட்டார்.

"ஏன் இவ்ளோ அவசரம்ண்ணா?" என்று கேட்டேன்.

"பின்னால கடல் இருக்குதே சார். உப்புக் காத்து. ராத்திரி இப்படியே உட்டுட்டுப் போனா காலைல செவப்பு படிஞ்சிடும். அப்புறம் அதுவே டைட்டு குடுக்கும்."

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டித் தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரிந்த எதிரி இது. புதிதாகச் சீவிய வார்ப்பிரும்பு எந்தப் பூச்சும் இல்லாமல் அம்மணமாக நிற்கிறது. அதன்மேல் உப்பீரம் பட்டால் துரு பிடிக்க அதிக நேரம் வேண்டாம்.

இனி ரிங் பார்க்கும் படலம். பிஸ்டனில் மாட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு ரிங்கையும் தனியாகச் சிலிண்டருக்குள் நுழைத்து, பிஸ்டன் தலையாலேயே மெதுவாகத் தள்ளி, கோணாமல் மட்டமாக உட்கார வைக்கிறார்கள். ரிங்கின் இரண்டு முனைகளும் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்ன வாய் தெரியும். அதற்குள் ஃபீலர் கேஜை விட்டு அளக்க வேண்டும். இந்த அளவுப் போருக்கு 0.3 மி.மீ.யை ஒட்டி இருந்தால் நல்லது. ஏன் வாய் வேண்டும்? சூட்டில் ரிங் நீளும். வாய் போதாவிட்டால் முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் சுவரை நெரிக்கத் தொடங்கும். கடையில் குளிர்ந்த நிலையில் சுற்றிப் பார்த்தால் எல்லாம் ஜோராக இருக்கும். ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனதும் ஜாம்! இரண்டாவது ரிங்கின் வாய் கொஞ்சம் குறுகலாக இருந்தது. சன்ன அரத்தால் ஒரே பக்கமாக இரண்டு இழுப்பு, மறுபடி கேஜ், தலையாட்டல். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. இந்த ஜோடிப் பொருத்தத்தில்தான் எல்லாச் சிக்கலும் சுவாரசியமும் இருக்கிறது. 70 மி.மீ. அகலமுள்ள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.15 மி.மீ. பருக்கும். அதே அளவு வார்ப்பிரும்பு அதில் பாதிதான் பருக்கும். உள்ளே இருப்பவர் வேகமாகப் பருக்கிறார், வெளியே இருப்பவர் மெதுவாக விரிகிறார். அதனால்தான் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே முன்கூட்டியே ஒரு இடைவெளி விடுகிறார்கள். அதிகம் விட்டால் பிஸ்டன் டக் டக்கென்று தட்டும். குறைத்துவிட்டால் நடுரோட்டில் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தால் உருண்டையாகத் தெரிகிறது. மைக்ரோமீட்டர் வைத்தால்தான் அதன் சூழ்ச்சி தெரியும்! தலைப் பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, பாவாடைப் பக்கம் கொஞ்சம் அகன்று, துல்லிய வட்டமாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாக இருக்கிறது. சூடேறிய பிறகுதான் அது சரியான உருவத்துக்கு வரும்.

மூன்று ரிங்குகளின் வாய்களையும் ஒரே கோட்டில் வராமல் ஆளுக்கொரு திசையில் திருப்பி வைத்தார்கள். பையன் இரண்டு கை விரல்களாலும் ரிங்கை அமுக்கிப் பிடிக்க, மேஸ்திரி மேலிருந்து சிலிண்டரை இறக்கினார். கிளிக், கிளிக், கிளிக் என்று மூன்றும் உள்ளே போன சத்தம் இருக்கிறதே! ஹெட்டை வைத்து நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கி முடித்தால் இரும்பும் கோணும். கோணினால் வட்டம் வட்டமாக இருக்காது.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. வண்டிக்காரத் தம்பி ஆசையோடு கிக்கரில் கால் வைத்தார். இறங்கவில்லை. முழு எடையையும் போட்டார். முனகிக்கொண்டே பாதி இறங்கி நின்றது. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"போர் டைட்டா போட்டுட்டாங்களாண்ணா?"

மேஸ்திரி பதறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டைட்டு ரெண்டு வகை தம்பி. நல்ல டைட்டு, கெட்ட டைட்டு. மொதல்ல அது எது இன்னு பாப்போம். அதுக்குள்ள சிலிண்டர் மேல பழி போடாத."

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குள் ஒரு மின்சாரம் ஓடியது. காரணம் சொல்கிறேன். வண்டியின் டாங்கிலும் பக்கவாட்டிலும் பீரங்கிப் படம் பார்த்திருப்பீர்கள். 'மேட் லைக் எ கன்', அதாவது துப்பாக்கி போலச் செய்தது என்பது ராயல் என்பீல்டின் பழைய முழக்கம். இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் ஊசி செய்து, பிறகு சைக்கிள் செய்த ஒரு கம்பெனி, 1890களில் என்பீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்க ஆயுதத் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து கொடுக்கும் வேலையைப் பிடித்தது. அந்தப் பெருமையில் சூட்டிய பெயர்தான் ராயல் என்பீல்டு. முதல் மோட்டார் சைக்கிள் 1901இல். புல்லட் என்ற பெயர் 1932இல். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956 முடிவதற்குள், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, திருவொற்றியூரில் 163 புல்லட்கள் வெளிவந்தன. அடுத்த ஆண்டு அச்சுகளும் கருவிகளுமே கப்பலேறி இங்கே வந்தன. ரெடிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் நம் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

துப்பாக்கி வம்சத்து வண்டிக்கும் துப்பாக்கிக்கும் வருகிற நோய் ஒன்றே! சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 1873ஆம் ஆண்டின் கோல்ட் அதில் பேர்போனது. என்பீல்டு இந்தியா பிறந்த அதே 1955இல் வந்தது ரூகர் பிளாக்ஹாக். இவற்றில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போதே உள்ளிருக்கும் ஒரு சிறு கொக்கி சிலிண்டரின் பின்புறப் பல்லைத் தள்ளி, அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். புதிதாக வாங்கியவர்கள் சிலருக்கு அந்தச் சிலிண்டர் முரண்டு பிடிக்கும். அவர்களும் முதலில் சந்தேகப்படுவது சிலிண்டரைத்தான். அனுபவசாலி என்ன செய்வார்? அறைகள் எல்லாம் காலி என்று ஒன்றுக்கு இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, சிலிண்டரை மெல்லச் சுற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ஆறு அறையிலும் ஒரே மாதிரி இறுகுகிறதா, ஒரு இடத்தில் மட்டும் இறுகுகிறதா?

எல்லா இடத்திலும் என்றால் பெட்டியில் வரும்போதே பூசியிருந்த துருத்தடுப்புக் கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். சிலிண்டர் சுழலும் அச்சாணி முழுதாக உள்ளே போய் அமராமல் இருக்கலாம். ஒரு இடத்தில் மட்டும் என்றால் பின்புறப் பல் ஒன்றில் பிசிறு இருக்கலாம், முகம் எங்காவது உரசலாம். சிலிண்டர் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மி.மீ. அளவுக்கு ஒரு சந்து வேண்டும். அது போதாவிட்டால் முதலில் சரியாகச் சுற்றி, நாலு குண்டு சுட்டுச் சூடேறியதும் ஒட்டிக்கொள்ளும். நம் ரிங் வாயின் கதை அப்படியே! நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். அதனால் அந்த வேலை இந்தச் சந்துக்கு வராது. ஆனால் கேள்வி வந்துவிட்டது. கையாள் பையனின் கையில் ஒரு சாக்பீஸாக.

மேஸ்திரி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். டீகம்ப்ரஸரைத் தூக்கிவிட்டார். இப்போது சிலிண்டருக்குள் காற்றழுத்தம் இல்லை. இனியும் டைட்டாக இருந்தால் அது இரும்போடு இரும்பு உரசுகிற டைட்டுதான். இடது பக்கம் செயின் கவரைக் கழற்ற வேண்டும். பழைய புல்லட்டில் அவ்வளவு பெரிய கவரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பெரிய நட்டு என்பது தெரியுமா! கீழே தட்டு வைத்து எண்ணெயை வடித்துவிட்டு, கிராங்க் முனை நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். சுற்றுகிற கை அவருடையது, சாக்பீஸ் பையனுடையது. கை கனக்கிற இடத்திலெல்லாம் "இங்க" என்கிறார். பையன் கோடு போடுகிறான்.

சாக்பீஸ் கோட்டில் என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? முழு வியாதியும் அதில் இருக்கிறது! கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கனத்தால் குற்றம் பிஸ்டனிலோ கன்ராடிலோ கிராங்கிலோ இருக்கும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அதே இடத்தில் கனத்தால் கேம் பக்கம் போக வேண்டும், ஏனென்றால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். சுற்று முழுக்க ஒரே சீராகக் கனத்தால் புதுப் போரின் இறுக்கம். அது நல்ல டைட்டு.

பையன் போட்ட கோடுகள் இந்த மூன்றிலும் சேரவில்லை. முதல் சுற்றில் கீழே கனத்தது. அடுத்த சுற்றில் பக்கவாட்டில். அதற்கடுத்ததில் கனக்கவே இல்லை. பிறகு மேலே. கனம் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது! வண்டிக்காரத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். மேஸ்திரி முகத்தில் மட்டும் சிரிப்பு பரவியது.

"கெட்சிது டா. செயினு."

கிராங்க் முனையிலிருக்கிற சின்னப் பல்சக்கரமும் கிளட்ச்சிலிருக்கிற பெரிய பல்சக்கரமும் ஒரே கணக்கில் சுற்றுவதில்லை. நடுவில் ஓடும் பிரைமரி செயினுக்கு அதன் சொந்தக் கணக்கு. அது பழைய செயின். பல வருடம் ஓடியதில் ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டும் மறுபக்கம் அப்படியேயும் இருக்கிறது. செயின் தளர்வாக நின்ற நேரத்தில் அட்ஜஸ்டரை இறுக்கியிருக்கிறார்கள். நீளாத பக்கம் சுற்றி வரும்போதெல்லாம் அது வீணைக் கம்பியாக விறைத்து, இரண்டு பேரிங்கையும் இழுத்துப் பிடிக்கிறது. அந்த இடம் கிராங்க்கின் கணக்கில் ஒரே இடத்தில் வராமல் சுற்றுக்குச் சுற்று நகர்ந்துகொண்டே போகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்திவிட்டு மறுபடி சுற்றினார்கள். கனம் போயே போய்விட்டது! பிறகு, செயின் எந்த இடத்தில் மிக விறைப்பாக வருகிறதோ அந்த இடத்தைத் தேடி நிறுத்தி, அங்கே வைத்து விரலால் மேலும் கீழும் அசைத்து, கால் அங்குலம் ஆடுகிற அளவுக்குச் சரி செய்தார்கள். சிலிண்டர் நிரபராதி. அநியாயமாக அதைக் கழற்றி லேத்துக்குத் திருப்பி அனுப்பி, நன்றாகப் போட்ட போரை இன்னும் கொஞ்சம் அகட்டியிருந்தால்? ஆயுசுக்கும் தட்டிக்கொண்டே ஓடியிருக்கும்.

"இப்ப கையை வைங்க சார்" என்று ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். நான் சுற்றினேன்! இறுக்கம் இருந்தது. தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரை ஒரே சீராக, பிசிறில்லாமல், எண்ணெய்க்குள் எண்ணெய் நகர்கிற மாதிரி ஒரு கனம். நல்ல டைட்டு என்பதை என் கையாலேயே உணர்ந்துவிட்டேன். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்து அறிய முடியாது, ஸ்பேனரின் மறுமுனையில் நிற்க வேண்டும்.

டேப்பட் பார்ப்பதில் இன்னொரு வித்தை. இந்த இரும்பு இன்ஜினுக்கு அங்கே கேஜ் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், புஷ் ராடை இரண்டு விரலால் திருகினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

பிறகு கிக். சாவியைத் திருப்பியதும் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. கிக்கரை மெல்ல மிதித்து முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பிடித்து, அங்கே டீகம்ப்ரஸரை அழுத்திக் கொஞ்சம் கடத்திவிட்டு, காலை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. டுக்... டுக்... டுக்... டுக்! சந்திலிருந்த இரண்டு நாய்களும் எழுந்து நின்றன. நான் உண்மையிலேயே குதித்துவிட்டேன்.

இரண்டு நிமிடத்தில் மேஸ்திரியே அணைத்துவிட்டார். ஆறட்டும் என்றார். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார்கள். தம்பிக்கு இப்போது உபதேசம். புது ஆட்டுக்கல்லில் முதலில் தவிட்டைப் போட்டு அரைத்து அதைக் கொட்டிவிடுவார்களே, அந்த வேலைதான் முதல் 500 கிலோமீட்டரும். ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்து, ஹோனிங் கோடுகளின் மேல்முனைகள் மழுங்கி, ஒன்றுக்கொன்று பழகுகிற காலம். அந்தத் தேய்மானப் பொடியெல்லாம் எண்ணெயில் இறங்கும், ஆகவே முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்துக் கொட்டிவிட வேண்டும். 40, 50க்கு மேல் போகக் கூடாது. அதற்காக ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரில் அழுந்தி உட்காரும். சூடாகட்டும், ஆறட்டும், மறுபடி சூடாகட்டும். டபுள்ஸ் வேண்டாம்.

தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மனதிலிருந்ததைக் கேட்டேவிட்டார்: "ஞாயித்துக்கெழம பழவேற்காடு போலாமாண்ணா?"

மேஸ்திரி யோசித்தார். "போ. தனியா போ. மீஞ்சூர்ல ஒரு டீ, பொன்னேரில ஒரு டீ. ரெண்டு எடத்துலயும் இன்ஜின் மேல கை வெக்க முடியிற வரைக்கும் வண்டிய எடுக்காத."

"டீ ஆறிடுமேண்ணா?"

"இன்னொண்ணு சொல்லு!"